அப்பொலோனியம்மாளுக்கு அளவெடுத்தவள்

மெழுகுப் பல்லை வாயில் போட்டுப் பார்க்க வருகிறவர்களிடம் செட்டக்கா கேட்கும் முதல் கேள்வி, "மருமக இருக்காளா?" என்பதுதான். இருக்கிறாள் என்றால், "அப்ப அவளை நாலு வார்த்தை திட்டுங்க, கேப்போம்" என்பாள். பல்செட்டை இறுக்கி முடிப்பதற்கு முன்னால் அதைப் போட்டுக்கொண்டு பேச்சு எப்படி வருகிறது என்று பார்த்தாக வேண்டும். ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு என்று எண்ணச் சொன்னால் ஆட்கள் வகுப்பில் எழுந்து நிற்கும் பிள்ளைகள் மாதிரி விறைத்துக்கொள்வார்கள். மருமகளைத் திட்டச் சொன்னால் உதடும் நாக்கும் தாடையும் சொந்த வேகத்தில் ஓடும். எந்தப் பல் இடிக்கிறது, எந்த எழுத்தில் காற்று கசிகிறது என்று இவளுக்கு அதிலேயே தெரிந்துவிடும். மருமகள் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டைத் திட்டலாம். பக்கத்து வீடும் நல்ல வீடாக அமைந்த பாக்கியசாலிகளுக்கு அரசாங்கம் இருக்கவே இருக்கிறது.

கடைத்தெருவில் மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து பல்செட்டு செய்கிறவள் என்பதால் அவள் செட்டக்கா. முன்னறையில் டாக்டர், சாயும் நாற்காலி, மீன்தொட்டி. பின்னறையில் இவள், ஒரு மோட்டார், ஒரு ஸ்பிரிட் விளக்கு, இளஞ்சிவப்பு மெழுகுத் தகடுகள், அலமாரி நிறைய ஊர்க்காரர்களின் பிளாஸ்டர் வாய்கள். ரேடியோ, காலண்டர், இவளுடைய புருவம் எல்லாவற்றின் மேலும் ஒரே வெள்ளைத் தூசி. சாயங்காலம் இறங்கி வரும்போது பார்க்கிறவர்கள் மாவு மில்லில் வேலை செய்கிறவள் என்று நினைத்தால் அது அவர்கள் தப்பில்லை. அலமாரியில் எந்த வாய் யாருடையது என்று அவளுக்குப் பார்த்தாலே தெரியும். ஆனால் சொல்லமாட்டாள். செட்டு கட்டியவர்களில் பாதிப் பேர் அதைக் கட்டின பெண்டாட்டிக்கே சொல்லாதவர்கள்.

புதிதாக அளவெடுக்க வருகிறவர்களிடம் மட்டும் மருமகள் பேச்சு கிடையாது. அவர்களிடம் ஒரே வார்த்தை: "பல்லைக் கழட்டுங்க." பழைய செட்டைப் போட்டுக்கொண்டே ஆவென்று வாயைத் திறக்கிற ஆட்கள் நிறைய. கழற்றாமல் அளவெடுத்தால் அளவு பொய். இத்தனை வருடமாகச் சொல்லிச் சொல்லி, அளவு மாவைக் கிண்ணத்தில் கொட்டும்போதே அந்த வார்த்தை அவள் வாயில் தானாக வந்து நிற்கும்.

ஊருக்கெல்லாம் செட்டு செய்கிறவளின் வாயில் இருப்பதும் செட்டுதான், மேலும் கீழும் முழுதாக. இது தெரிந்த ஒரே ஆள் பழைய டாக்டர். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது இருப்பது அவருடைய மகன். அவள் வீட்டு மாடியில் குடியிருக்கும் தங்கச்சிக்குத் தெரிந்ததெல்லாம், அக்கா சின்ன வயதில் மாடிப்படியில் உருண்டு விழுந்தாள், முன்பல் இரண்டு போயிற்று, கீழ் உதட்டுக்கடியில் சாய்வாக ஒரு தழும்பு விழுந்தது, அவ்வளவுதான். கீழ்வீட்டில் தனியாக இருப்பவள் எப்போது கழற்றுகிறாள், எப்போது மாட்டுகிறாள் என்று யார் பார்த்தார்கள்?

மாடிப்படியும் இல்லை, ஒன்றும் இல்லை. அவளைக் கட்டியவன் தன் அம்மாவின் சங்கிலியைக் கொண்டுபோய் அடகு வைத்துவிட்டு, அம்மா தேட ஆரம்பித்ததும் பெண்டாட்டியைக் கூடத்துக்கு இழுத்து வந்தான். "நான்தான் எடுத்துத் தொலைச்சேன்னு சொல்லு. ஒரு வார்த்தை. சொன்னா முடிஞ்சுது" என்றான். மாமியாரும் கொழுந்தனும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள், "நான் எடுக்கலை" என்றாள். மறுபடி கேட்டான். மறுபடி அதையே சொன்னாள். அவன் கையில் வாசற்கதவுப் பூட்டு இருந்தது, பித்தளைப் பூட்டு. கடைசியில் அவள், "கையை விடு, தண்ணி குடிச்சிட்டு வந்து சொல்றேன்" என்றாள். விட்டான். அவள் தண்ணீர்ப் பானையைத் தாண்டி, கொல்லைக் கதவைத் தாண்டி, தெருவைத் தாண்டி நடந்து அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வாயிலிருந்து வழிந்ததை முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்தாள்.

அப்பா பார்த்தார், அழுதார், அப்புறம் யோசித்தார். சின்னவள் இருக்கிறாள், நாளைக்கு அவளை ஒருவன் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டும். "படியில விழுந்தேன்னே சொல்லிடும்மா" என்றார். பூட்டால் அடித்தவன் பொய் சொல்லச் சொன்னபோது மறுத்தவள், அழுதுகொண்டு கேட்ட அப்பாவிடம் மறுக்கவில்லை. அன்பாகக் கேட்டால் மனிதர்கள் எதைத்தான் கொடுத்துவிடுவதில்லை! மிச்சமிருந்த பற்களும் ஆடி, சீழ் பிடித்து, ஒவ்வொன்றாகப் போயின. அவற்றைப் பிடுங்கிய பழைய டாக்டர், "செட்டு கட்டிக்கறதோட நிறுத்தாதே, கட்டவும் கத்துக்கோ" என்று பின்னறையில் உட்கார வைத்தார்.

ஊர் சும்மா இருக்குமா? தங்கமான மாப்பிள்ளை, அடித்தான் என்று ஒரு சொல் உண்டா, இவளே எழுந்து வந்துவிட்டாள், குடும்பம் நடத்தத் தெரியாதவள் என்றது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. பேசினவர்களில் பாதிப் பேருக்கு இவள் பின்னால் பல் கட்டிக் கொடுத்தாள். நன்றாகவே கட்டிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கோயிலுக்குப் போனால் அவள் நிற்கும் இடம் பெரிய பீடத்துக்கு முன்னால் இல்லை. இடது பக்கம், தூணுக்குப் பின்னால், பல்வலி தீர்க்கும் புனிதை அப்பொலோனியம்மாள் சுரூபத்துக்கு எதிரே. ஆளுயரச் சிலை. ரோஜா உதடு, குண்டுக் கன்னம், கையில் ஒரு குறடு, குறட்டின் நுனியில் ஒரு பல். அந்தப் பல்லைப் பார்க்கும்போதெல்லாம் செட்டக்காவுக்கு எரிச்சலாக வரும். அது முன்பல்லும் இல்லை, கடைவாய்ப் பல்லும் இல்லை. எந்த மனுஷ வாயிலும் முளைக்காத பல். பல்வலிக்காரர்கள் வருவார்கள், அம்மாளின் தாடையை விரலால் தொடுவார்கள், அதே விரலைத் தங்கள் கன்னத்தில் வைத்துக்கொள்வார்கள். தொட்டுத் தொட்டு தாடையில் வர்ணம் போய் வெளுத்திருந்தது. வலி நிற்காதவர்கள் மறுநாள் மருந்துக்கடைக்கு மேலே படியேறி வருவார்கள். "அம்மாகிட்ட போயிட்டுத்தான் வந்தேன்" என்று டாக்டரிடம் சொல்வார்கள், ஏதோ சீட்டு வாங்கி வந்தது போல.

அப்பொலோனியம்மாள் கதை சின்னக் கதை. ஆயிரத்து எழுநூறு வருடங்களுக்கும் முன்னால் அலெக்சாந்திரியா நகரத்தில் கிறிஸ்தவர்களைத் தேடித் தேடி ஒரு கும்பல் அடித்தது. கல்யாணம் செய்துகொள்ளாத இந்த அம்மாள் அகப்பட்டாள். தாடையில் அடித்து அடித்துப் பல்லையெல்லாம் உதிர்த்தார்கள். ஊருக்கு வெளியே விறகடுக்கித் தீ மூட்டி, "நாங்க சொல்றதை நீயும் சொல்லு, விட்டுடறோம்" என்றார்கள். அவளுடைய கடவுளைத் தூஷிக்கிற சொல். அவள் கொஞ்சம் விடச் சொன்னாள். சொல்லப்போகிறாள் என்று பிடியை விட்டார்கள். அவள் தானாகவே தீயில் பாய்ந்துவிட்டாள்.

போன வருடம் அம்மாளின் திருநாள் பிரசங்கத்தில் பங்குச் சாமியார் இன்னொன்றும் சொன்னார். அந்தக் காலத்தவர்கள் விட்டுப்போன குறிப்புப்படி அப்பொலோனியம்மாள் வயதான பெண்ணாம். இளவரசி, பேரழகி என்பதெல்லாம் பிற்பாடு வந்தவர்கள் பூசிய பூச்சாம். அப்புறம், தானாகவே பாய்ந்தது சரியா தப்பா என்று பெரிய பெரிய ஞானிகளெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டார்களாம். செட்டக்கா தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பல்லை உடைத்தவனைப் பற்றி ஒரு ஞானிக்கும் சந்தேகம் வரவில்லை பார், பாய்ந்தவளைப் பற்றித்தான் சந்தேகம் என்று நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தச் சுரூபத்திடம் அவளுக்கு உரிமை கூடிவிட்டது. 'பல்லெல்லாம் போச்சுங்கறாங்க, உனக்கு மட்டும் உதடு எப்படிம்மா இப்படி எடுப்பா நிக்குது? யார்கிட்ட செட்டு கட்டினே?' என்று மனதுக்குள் கேட்பாள்.

இந்த வருடத் திருநாளுக்கு முன்னால் இரண்டு காரியம் ஒரே வாரத்தில் நடந்தது.

ஒன்று, பூட்டுக்காரன் வாதம் வந்து விழுந்தான். ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கொண்டன. அவன் வேறு யாரையும் கட்டவில்லை. கட்டியவள் உயிரோடு இருக்கும்போது கோயில் சட்டம் விடாது. அவனைக் கவனித்துக்கொண்டிருந்த அம்மாவும் போய்ப் பல வருடமாகிவிட்டது. கொழுந்தன் தங்கச்சிக்குப் போன் செய்தான். தங்கச்சி மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"அக்கா, அவர் உன்னைக் கேக்குறாராம்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? சாகக் கெடக்குற மனுஷன். கட்டின பொண்டாட்டி வந்து ஒரு வாய் கஞ்சி ஊத்த வேண்டாமா? பழசெல்லாம் அவர் மறந்துட்டாராம். நீ போய், நான் விட்டுட்டு வந்தது தப்புதான்னு ஒரு வார்த்தை சொன்னா போதுமாம். ஒரே ஒரு வார்த்தை."

செட்டக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

"ஞாயித்துக்கிழமை திருநாள் பூசை முடிஞ்சதும் கோயில் வாசலுக்கே கார் கொண்டுட்டு வர்றேன்னிருக்கார் அவர் தம்பி" என்றாள் தங்கச்சி. "இத்தனை வருஷம் வீம்பு பிடிச்சாச்சு. போற காலத்துல புண்ணியம் தேடிக்க. மன்னிக்கச் சொல்லித்தானே நம்ம வேதம் சொல்லுது?"

தங்கச்சி கெட்டவள் இல்லை. மனசு பஞ்சு, அதனால்தான் யார் அழுதாலும் ஊறிவிடும். செட்டக்கா வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது அவளுக்குப் பழகிய வேலை, இரவல் பல்லாக இருந்தாலும். ஆனால் பரணிலிருந்து பையை எடுத்துத் தூசி தட்டினாள். மன்னிப்பதில் அவளுக்குப் பெரிய தகராறு இல்லை. நாற்பது வருடக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அதுவும் தேய்ந்துதான் போயிருந்தது. அந்த ஒரு வார்த்தைதான் பொருந்தாத பல்லாக இடித்தது. சொன்னால் என்ன குறைந்துவிடும்? வெறும் வார்த்தைதானே? ஆனால் ஆள் மாறி ஆள் வந்து அந்த வெறும் வார்த்தையைத்தானே கேட்கிறார்கள்!

இரண்டாவது காரியம், கோயில்பிள்ளை திருநாளுக்குக் கோயிலைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒட்டடைக் கம்பும் ஏணியுமாக ஏறினார். கோயில் சாவியிலிருந்து மணிக்கயிறு வரைக்கும் அவர் பொறுப்பு. ஏணி மட்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. வழுக்கிய ஏணி அவரை விட்டுவிட்டு நேரே அப்பொலோனியம்மாள் முகத்தில் போய் மோதியது. மூக்குக்குக் கீழே மோவாய் வரைக்கும் பொடிப்பொடி. ஊரார் பல்வலியையெல்லாம் வாங்கிக்கொண்டவளுக்கே தாடை போய்விட்டது.

சாமியார் சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகத்தோடு மருந்துக்கடைப் படியேறி வந்தார். "புதுச் சுரூபத்துக்கு நாளாகும். ஞாயித்துக்கிழமை அம்மாவைத் துணி மூடி வைக்க முடியுமா? பிளாஸ்டர் வேலை தெரிஞ்ச ஆள் நம்ம பங்கு சனங்கள்ல நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

"நான் உள்வாய் செய்யறவ, சாமி. வெளிவாய் செஞ்சதில்லையே."

"உள்ளே வெளியேன்னு இல்லம்மா, வாய்தானே?"

பீடத்துக்குப் பின்னால் பூசைச் சாமான்கள் வைக்கும் சக்கிரீஸ்து அறையில், மெழுகுவர்த்திப் பெட்டிகளுக்கு நடுவில் அம்மாளை நிறுத்தியிருந்தார்கள். கண்ணும் நெற்றியும் பழையபடி புன்னகை பூத்துக்கொண்டிருக்க, கீழே ஒரு வெள்ளைப் பள்ளம். செட்டக்கா ஒரு நூலை எடுத்து, ஒரு காதடியிலிருந்து இன்னொரு காதடி வரைக்கும் பிடித்துப் பார்த்தாள். அதே நூலைத் தன் தாடையில் வைத்துப் பார்த்தாள். நூலிழை வித்தியாசம்தான். இல்லாத வாயைக் கற்பனையில் செதுக்குவது அவள் தொழில் இல்லை. இருக்கிற வாயில் அளவெடுப்பதுதான் தொழில். தன்னுடையதையே எடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

மத்தியானம் டாக்டர் சாப்பிடப் போகும் நேரம் முன்னறை காலியாக இருக்கும். அவள் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, டாக்டரின் நாற்காலியில் சாய்ந்தாள். கிண்ணத்தில் அளவு மாவைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் குழைத்தாள். புதினா வாசனை கிளம்பியது. மூக்குக்குக் கீழே தொடங்கி உதடு, மோவாய், கழுத்தோரம் வரைக்கும் அப்பிக்கொண்டு, மேலே ஈரப் பிளாஸ்டர் துணியைப் போர்த்தி, மூக்கால் மூச்சு விட்டபடி கண்ணை மூடிக் கிடந்தாள். மாவு இறுகுவதற்குள் கையிலிருந்த வேலைகளையெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தாள். இறுகியதும் மெல்ல ஆட்டிக் கழற்றி, பின்னறைக்குக் கொண்டுபோய், அதற்குள் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, குமிழி போக மேசையில் தட்டித் தட்டி வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். கழுவும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. வாய் காலியாக இருந்தது.

செட்டு கிண்ணத்துத் தண்ணீரில் கிடந்தது. எப்போது கழற்றினாள் என்று அவளுக்கே நினைவில்லை. அளவு மாவைக் குழைத்த கை, ஆயிரம் பேரிடம் சொன்னதைத் தனக்கும் சொல்லிக்கொண்டு, கழற்றி வைத்துவிட்டது.

வார்ப்பை உரித்தபோது அவள் பார்த்த முகத்தை இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை. உதடுகள் உள்ளே மடிந்திருந்தன. சுருக்குப்பை வாயைச் சுண்டி இழுத்ததைப் போலச் சுற்றிலும் வரிகள். மோவாய் மேலேறி மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. அளவு மாவு எதையும் விடாது. கீழ் உதட்டுக்கடியில் சாய்வான தழும்பும் அச்சு மாறாமல் விழுந்திருந்தது. செட்டக்கா வெகுநேரம் அதைப் பார்த்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. 'நீ இங்கதான் இருந்தியா?' என்று கேட்க வேண்டும் போல இருந்தது.

சரி, செட்டைப் போட்டுக்கொண்டு மறுபடி எடுத்துவிடலாம். அல்லது கொஞ்சம் பிளாஸ்டரை அப்பி உதட்டைத் தூக்கிவிட்டு, தழும்பைப் பூசி மறைத்தால் வேலை தீர்ந்தது. கத்தியையும் கையில் எடுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து, சாப்பாட்டுக் கேரியரோடு தங்கச்சி உள்ளே வந்தாள். வெறும் வாயைப் பார்த்துவிடுவாளே என்று பயந்து, அவசர அவசரமாகச் செட்டை வாயில் திணித்துக்கொண்டாள் இவள்.

"சாப்பிட மறந்துட்டியா?" என்றபடி கேரியரை வைக்க இடம் தேடிய தங்கச்சியின் கை நின்றது. "இது யாரு?"

"சுரூபத்துக்கு."

"சுரூபத்துக்குச் சரி. யாரோட வாய்?" குனிந்தாள். ஒரு விரல் தானாகப் போய்த் தழும்பில் நின்றது. சின்னப் பிள்ளையில் அக்கா மடியில் படுத்துக்கொண்டு தொட்டுத் தொட்டு விளையாடிய தழும்பு.

செட்டக்காவிடம் அப்போதும் ஒரு பொய் தயாராக இருந்தது. பிளாஸ்டரில் குமிழி விட்டுவிட்டது என்று சொல்லலாம், யார் கேட்கப்போகிறார்கள்? அதைச் சொல்ல வாயைத் திறந்தவள், "என் வாய்தான்" என்றாள்.

"உனக்கு முன்னாடி ரெண்டு பல்லுதானே போச்சு?"

"ஒண்ணும் மிஞ்சலை. எல்லாமே போச்சு."

"படியில விழுந்தா எல்லாமுமா போகும்?"

"படியில விழலை."

சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. சங்கிலி, பூட்டு, தண்ணீர்ப் பானை, அப்பா. தங்கச்சி ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டாள். செட்டக்கா எதிர்பார்த்தது அழுகையை. வந்தது கோபம்.

"அப்ப எனக்குச் சின்ன வயசு, சொல்லலை. சரி. எனக்குக் கல்யாணமாகி, என் பொண்ணுக்குக் கல்யாணமாகி, பேரனும் பொறந்தாச்சு. இன்னுமா சொல்ல நேரம் வரலை?"

"சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு..."

"நான் உன்னை என்னவெல்லாம் பேசியிருக்கேன்! குடும்பம் நடத்தத் துப்பில்லாதவன்னு உன் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கேனே! பேசட்டும்னு விட்டுட்டு உக்காந்திருந்தியா? நீ நல்லவளா இருந்துக்க, என்னை எதுக்கு இப்படிப் பாவியாக்கினே?" எழுந்துவிட்டாள். "எனக்காகத்தான் வாயை மூடினேன்னு இப்ப சொல்றியே, அதை நான் எங்கே கொண்டுபோய் வெக்கிறது?"

கேரியரை மேசையில் வைக்காமல் தரையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் செட்டக்காவைக் குத்தியது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இவள் பல்லை உடனே கட்டிக்கொண்டாள், சொல்லைத்தான் விட்டுவிட்டாள். யாரையோ காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு விட்ட சொல், காப்பாற்றப்பட்டவள் தலையிலேயே இப்போது விழுந்திருக்கிறது. அப்பொலோனியம்மாள் தனக்காக மட்டும்தான் வாயைத் திறக்க மறுத்தாளா, பக்கத்தில் பயந்து நின்ற வேறு யாருக்காகவும் சேர்த்தா என்று யோசித்துக்கொண்டே வார்ப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிறகு கத்தியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். வார்ப்பில் கை வைக்கக்கூடாது என்பது அவள் தொழிலின் முதல் பாடம். அளவு எடுத்தாகிவிட்டது, இனி அதைத் திருத்தினால் எந்த வாயிலும் நிற்காது.

வெள்ளிக்கிழமை அதைச் சக்கிரீஸ்து அறைக்கு எடுத்துப்போய்ப் பள்ளத்தில் பொருத்தி, ஓரங்களைப் பூசி இழைத்து, வர்ணம் தீட்டினாள். குண்டுக் கன்னம் கீழே ஒடுங்கி இறங்கியது. சாமியார் வந்து எட்டப் போய் ஒரு முறையும் கிட்ட வந்து ஒரு முறையும் பார்த்தார்.

"ரோஜாப்பூ உதடு எங்கேம்மா?"

"பல்லில்லாத வாய் இப்படித்தான் இருக்கும், சாமி."

"போன வருஷம் நான்தான் பிரசங்கத்துல வயசான அம்மான்னு சொல்லித் தொலைச்சேன்" என்றார். "கேக்குறவங்களுக்கு அதையே மறுபடி சொல்லிக்கறேன்." தழும்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஊரார் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லும் பாவங்களைக் கேட்டுக் கேட்டு, எதைக் கேட்கக்கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சுரூபத்தின் மேலிருந்த துணியை எடுத்ததும் கோயிலில் முணுமுணுப்பு எழுந்தது. "அம்மாவைக் கிழவியாக்கிட்டாங்களே" என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். "மூஞ்சியைப் பார்த்தா பயமாயிருக்கு" என்றார் செட்டக்காவிடம் போன மாதம்தான் செட்டு வாங்கிய ஒரு கடைக்காரர், பல் அத்தனையும் தெரிய. முன்வரிசையில் பல்லில்லாத பெரியவள் ஒருத்தி மட்டும் பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். "இப்பத்தான் நம்ம ஆளு மாதிரி இருக்கு" என்று சொல்லி, முதல் ஆளாக எழுந்து போய்த் தாடையைத் தொட்டாள்.

பூசை முடிந்து வரிசை நகர்ந்தது. தங்கச்சி அந்த வரிசையில் நின்றிருந்தாள். அவளுக்குப் பல்வலி ஒரு நாளும் வந்ததில்லை. கல்லைக் கடிக்கிற பல். தன் முறை வந்ததும் அவள் தாடையைத் தொடவில்லை. உதட்டுக்குக் கீழே தழும்பில் விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்காமல் நின்றாள், பின்னால் நின்றவர்கள் தொண்டையைச் செருமும் வரைக்கும்.

வாசலில் கார் நின்றிருந்தது. கதவைத் திறந்து பிடித்தபடி கொழுந்தன் நின்றான். அன்று கூடத்தில் பார்த்துக்கொண்டு நின்றவன்; இப்போது தலை நரைத்து, தொப்பை வைத்து, பார்க்கப் பாவமாகத்தான் இருந்தான்.

"அண்ணி, ஏறுங்க" என்றான். "பழசு எதுக்கு? எல்லாருக்கும் வயசாயிடுச்சு. அண்ணன் கேக்குறது ஒரு வார்த்தைதான்."

பூசை விட்டு வருகிற கூட்டம் நடையைத் தளர்த்தியது, காதுகள் நீண்டன. செட்டக்கா பரணிலிருந்து எடுத்த அந்தப் பையைத் திறந்தாள். அதில் மாற்றுப் புடவை இல்லை. கைக்குட்டைதான் இருந்தது. அதை உள்ளங்கையில் விரித்தாள். இன்னொரு கையால் வாயிலிருந்து மேல்செட்டைக் கழற்றினாள், கீழ்செட்டைக் கழற்றினாள், இரண்டையும் கைக்குட்டையில் வைத்து அவன் முன்னால் நீட்டினாள். அவள் முகம் அத்தனை பேர் பார்க்க உள்ளே மடிந்தது. இப்போதுதான் கோயிலுக்குள் பார்த்துவிட்டு வந்த முகம். யாரோ 'சேசுவே' என்றார்கள்.

"ஒங்க அண்ணங்கிட்ட போய்ச் சொல்லுங்க" என்றாள். பாதி எழுத்து காற்றாகத்தான் வந்தது. "நான் அந்தச் சங்கிலியை எடுக்கலை. அவர் அடிச்சார், நீங்க பார்த்துட்டு நின்னீங்க. நான் விட்டுட்டு வந்தது தப்பில்லை. அவருக்காக வேண்டிக்கறேன், அதுக்குப் பல்லு வேண்டாம்."

மருமகளைத் திட்டச் சொல்லி எத்தனையோ வாய்களைச் சோதித்தவள் அவள். தன் வாயை அன்றுதான் சோதித்தாள். காற்றாக வந்தாலும் வாசலில் நின்ற ஒருவருக்கும் புரியாமல் போகவில்லை.

கொழுந்தன் தங்கச்சியைப் பார்த்தான். போன் பேசியவள் அவள்தான். சமாதானம் சொல்லக்கூடியவளும் அவள்தான். தங்கச்சி முன்னால் வந்தாள். அவன் பிடித்திருந்த கதவை வாங்கி, அழுத்திச் சாத்தினாள்.

"அக்கா வரமாட்டா. அவரை ஆஸ்பத்திரியில சேத்துடுங்க" என்றாள்.

இருவரும் கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடந்தார்கள். செட்டு இன்னும் கைக்குட்டையில்தான் இருந்தது. எதிரே வந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டாள். தெருமுனையில் தங்கச்சி அவளைப் பார்க்காமலேயே கேட்டாள்.

"வீட்டுல என்னிக்காவது இதைக் கழட்டி வெச்சுட்டு உக்காந்திருக்கியா?"

"இல்லை."

"இனிமே கழட்டி வெய்யி. இன்னிக்கு மாடிக்கு வந்து சாப்பிடு. சோத்தைக் குழைய வடிக்கிறேன்."